பூச்சு உரிந்ததா, உடைந்ததா? கடினப் படலச் சோதனையில் அறிகுறி வழியே பிழை தேடல்

துளையிடும் கருவி ஒன்றின் மேல் 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் தடிமனில் டைட்டானியம் நைட்ரைடு பூசியிருக்கிறார்கள். கீறல் சோதனை அறிக்கையில் ஒரே ஒரு வரி: மாறுநிலைச் சுமை 62 நியூட்டன். சுமையைக் கூட்டிக்கொண்டே வைர முனையால் பூச்சைக் கீறும்போது அது உடையத் தொடங்கும் சுமை அது. இது நல்ல ஒட்டா, மோசமான ஒட்டா என்று என்னிடம் கேட்கிறார்கள். கீறல் தடத்தின் படத்தைப் பார்க்காமல் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. நேர்மையாக வேறு யாராலும் முடியாது.

அந்த ஓர் எண்ணுக்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பூச்சும் அடிப்பொருளும் சேரும் இடைமுகம் எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்பது ஒன்று, அதுதான் ஒட்டுத்திறன். பூச்சு தனக்குள் விரிசலை எவ்வளவு தாங்கும் என்பது இன்னொன்று. இவற்றோடு அடிப்பொருளின் கடினத்தன்மை, பூச்சின் தடிமன், உள்ளே எஞ்சியிருக்கும் தகைவு, வைர முனையின் உடல்நலம் ஆகியவையும் சேர்ந்துதான் அந்த 62 வருகிறது. எதில் பிழை என்று தேடும்போது என் முதல் விதி இதுதான்: படம் முதலில், எண் பிறகு. கீழே உள்ளவை நான் அடிக்கடி சந்திக்கும் அறிகுறிகள். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போக வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: எங்கே உடைந்தது?

கீறலையோ ராக்வெல் குழியையோ (வைரக் கூம்பை அழுத்தி உண்டாக்கும் பள்ளம்) ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். தடத்துக்குள் வில் வில்லாக விரிசல்கள் இருக்கின்றன, ஆனால் அடியிலுள்ள உலோகம் தெரியவில்லை என்றால் உடைவு பூச்சுக்குள் நடந்திருக்கிறது. தடத்தின் ஓரங்களில் சில்லு பெயர்ந்து அடிப்பொருள் பளிச்சென்று தெரிந்தால் இடைமுகம் விட்டுக்கொடுத்திருக்கக்கூடும். ஆனாலும் வெறும் நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல அடுக்குப் பூச்சுகளில் உட்புற அடுக்கு ஒன்று உலோகம் போலவே மின்னும்.

மின்னணு நுண்ணோக்கி கிடைத்தால் பின்சிதறல் படம் எடுங்கள். அணு எண் கூடிய பொருள் வெளிச்சமாகத் தெரியும். டங்ஸ்டன் கார்பைடின் மேல் டைட்டானியம் நைட்ரைடு இருந்தால் வேறுபாடு பகலும் இரவும் போல இருக்கும். எஃகின் மேல் அவ்வளவு இல்லாவிட்டாலும் கண்ணுக்குப் புலப்படும். பெயர்ந்த இடத்தின் தரையில் எக்ஸ்கதிர் நிறமாலை எடுக்கும்போது மின்னணுக் கற்றை ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் வரை பாயும் என்பதை மறக்க வேண்டாம். அங்கே சில பத்து நானோமீட்டர் பூச்சு மிஞ்சியிருந்தால், 20 கிலோவோல்ட்டில் அது கண்ணில் படாமல் போய்விடும். 10 கிலோவோல்ட்டுக்கு இறக்கி மறுபடி பாருங்கள். இடைமுகம் சுத்தமாகப் பிரிந்ததா, அல்லது பிடிப்புக்காக வைத்த மெல்லிய டைட்டானியம் அடுக்குக்குள் கிழிந்ததா என்பது இந்த ஒரு படியில்தான் தெரிய வரும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு: முதலாவதில் பூசுவதற்கு முந்தைய சுத்தத்தையும், மேற்பரப்பை அயனிகளால் தாக்கித் துப்புரவாக்கும் படியையும் சரிசெய்ய வேண்டும், இரண்டாவதில் அந்த இடையடுக்கின் தடிமனையும் அமைப்பையும்.

அறிகுறி: ஒரே மாதிரியில் ஐந்து கீறல், ஐந்து விதமான எண்

வழக்கமான கீறல் சோதனையில் 120 பாகைக் கூம்பும் 200 மைக்ரோமீட்டர் முனை ஆரமும் கொண்ட ராக்வெல் வைரம் பூச்சின் மேல் இழுக்கப்படுகிறது. சுமை நிமிடத்துக்கு 100 நியூட்டன் கூடும். மேடை நிமிடத்துக்கு 10 மில்லிமீட்டர் நகரும். ஆக, தடத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 10 நியூட்டன். இந்தச் சின்னக் கணக்கிலேயே சிதறலுக்கான முதல் காரணம் ஒளிந்திருக்கிறது. தடம் எங்கே தொடங்கியது என்பதை நுண்ணோக்கியில் அரை மில்லிமீட்டர் தவறாகக் குறித்தால், உங்கள் சுமை 5 நியூட்டன் தவறு. கடினமான பூச்சில் தொடக்கப் புள்ளி மங்கலாகத்தான் தெரியும். அதனால் நான் முடிவுப் புள்ளியிலிருந்து பின்னோக்கி அளக்கிறேன். முடிவு எப்போதும் ஆழமாகவும் தெளிவாகவும் இருக்கும்.

அடுத்தது மேற்பரப்பு. ஆர்ஏ எனப்படும் சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் எண்களை நம்புவதை நிறுத்திவிடுவேன். சாணைக் கோடுகளுக்கு இணையாக ஒரு கீறல், குறுக்காக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் நீங்கள் அளப்பது சாணையைத்தான், பூச்சை அல்ல. மின்வில் முறையில் பூசியவற்றில் உலோகத் துளிகள் மேற்பரப்பில் ஒட்டிக் கிடக்கும். முனை அவற்றைத் தட்டிப் பெயர்க்கும் இடத்தில் ஒரு குட்டிப் பள்ளம் விழும். அதை முதல் உடைவு என்று குறித்துவிடுவது மிகவும் சுலபம். தனியாகக் கிடக்கும் ஒரு பள்ளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதே வகை உடைவு திரும்பத் திரும்ப வரத் தொடங்கும் இடம்தான் மாறுநிலைச் சுமை.

எந்த உடைவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். பூச்சுக்குள் முதல் விரிசல் தோன்றுவது எல்சி1, ஓரங்களில் சில்லு பெயரத் தொடங்குவது எல்சி2, தடத்தின் நடுவில் பூச்சு முற்றிலும் போய் அடிப்பொருள் தொடர்ச்சியாகத் தெரிவது எல்சி3 என்று குறிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு சோதனைக்கூடம் எல்சி1 சொல்லி, இன்னொன்று எல்சி3 சொல்லி, வாங்குபவர் இரண்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள்.

அறிகுறி: வாரக்கணக்கில் எண்கள் மெதுவாக ஏறுகின்றன

பூச்சு மேம்பட்டுவிட்டது என்று மகிழ்வதற்கு முன் வைர முனையைக் கழற்றி நுண்ணோக்கியின் கீழ் வையுங்கள். முனை தேய்ந்து தட்டையானால் அதே சுமை கூடுதல் பரப்பில் பரவும், தொடு அழுத்தம் குறையும், உடைவு தள்ளிப்போகும். நான் வேலை செய்த ஒரு கூடத்தில் இப்படி இரண்டு மாதம் ஏறிக்கொண்டே போன எண்களை வைத்துப் பூச்சு நிபந்தனைகளை மாற்றிக்கொண்டிருந்தோம். முனையை மாற்றிய அன்று எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. இரண்டு மாத உலைவேலை வீண். அந்த இழப்பு இன்னும் மனதில் இருக்கிறது.

முனையில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் நேர்மாறாக நடக்கும். கூரிய விளிம்பு பூச்சை உழுது எண்ணைத் திடீரென்று இறக்கும். முனையில் அடிப்பொருளின் உலோகம் அப்பிக்கொண்டாலும் உராய்வு மாறும். ஒவ்வொரு கீறலுக்குப் பிறகும் கரைப்பான் தொட்ட துணியால் முனையைத் துடையுங்கள். வைரத்தைத் திருப்பிப் பொருத்தும்போது அதன் எந்த முகம் முன்னோக்கி இருந்தது என்பதைக் குறித்துவையுங்கள். வைரப் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தேயாது.

முனையைச் சரிபார்க்கவே வைரம் போன்ற கரிமப் பூச்சு கொண்ட சான்றுப் பொருள் ஒன்று பிசிஆர்-692 என்ற பெயரில் ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டது. அது கையில் இல்லாவிட்டால் நீங்களே ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்: நன்கு மெருகேற்றிய, ஒரே உலையில் ஒரே நாளில் பூசிய தட்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி, வாரந்தோறும் அதில் ஒரு கீறல் போட்டு, எண்ணைச் சுவரிலுள்ள தாளில் குறியுங்கள். அந்தக் கோடு சாய்ந்தால் சிக்கல் முனையில்.

அறிகுறி: தடிமனான பூச்சு சோதனையில் வெல்கிறது, இயந்திரத்தில் உரிகிறது

இந்த அறிகுறியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். இங்கேதான் பணமும் நம்பிக்கையும் சேர்ந்து போகின்றன.

கடினப்படுத்திய எஃகின் கீறல் கடினத்தன்மை 8 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நியூட்டன் சுமையில் நகரும் முனை முன்பாதியில் மட்டுமே தாங்கப்படுகிறது. கணக்குப் போட்டால் தொடுபரப்பின் ஆரம் ஏறத்தாழ 63 மைக்ரோமீட்டர். பூச்சோ 2 மைக்ரோமீட்டர். ஒரு மேசைமேல் விரித்த தாளை உள்ளங்கையால் அழுத்துவது போன்றது இது. அழுத்தத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது மேசைதான். முனை அடிப்பொருளை நிலையாக உருக்குலைக்கிறது, பூச்சு அந்தக் குழிவுக்கு ஏற்ப வளைய வேண்டியிருக்கிறது, வளைய முடியாதபோது உடைகிறது. அதனால்தான் அடிப்பொருள் கடினமாக ஆக மாறுநிலைச் சுமை கூடுகிறது. பூச்சு தடிக்கத் தடிக்கவும் கூடுகிறது. இடைமுகம் கொஞ்சமும் மாறாமலே இது நடக்கும்.

இயந்திரத்தில் நடப்பது வேறு. பூச்சு உருவாகும்போதே அதற்குள் அமுக்கத் தகைவு சேர்ந்துவிடுகிறது. ஆவிநிலை இயற்பியல் முறையில் பூசிய நைட்ரைடுகளில் அது சில கிகாபாஸ்கல் இருப்பது சாதாரணம். உரிதலைத் தள்ளும் ஆற்றல் தகைவின் இருமடிக்கும் தடிமனுக்கும் நேர்விகிதம், பூச்சின் யங் குணகத்துக்கு எதிர்விகிதம். தகைவு 4 கிகாபாஸ்கல், தடிமன் 2 மைக்ரோமீட்டர், யங் குணகம் 450 கிகாபாஸ்கல் என்று எடுத்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 ஜூல் ஆற்றல், யாரும் தொடாமலேயே, இடைமுகத்தைப் பிரிக்கக் காத்திருக்கிறது. தடிமனை 4 மைக்ரோமீட்டராக்கினால் 68 ஜூல். கீறல் சோதனை தடித்த பூச்சைப் பாராட்டுகிறது. தகைவோ அதே பூச்சை இருமடங்கு வேகமாக உரிக்கப் பார்க்கிறது. மாறாக, தகைவை 2 கிகாபாஸ்கலுக்குக் குறைத்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காக இறங்கும்.

ஆகவே இரண்டு மாதிரிகளை ஒப்பிடும் முன் தடிமன் சமமா என்று பாருங்கள். சுழலும் எஃகு உருண்டையால் பூச்சில் ஒரு கிண்ணம் தேய்த்து, உள் வட்டத்தின் விட்டத்தையும் வெளி வட்டத்தின் விட்டத்தையும் அளந்தால் போதும். இரு விட்டங்களின் இருமடிகளின் வேறுபாட்டை உருண்டை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் தடிமன் கிடைக்கும். தகைவுக்கு, மெல்லிய தட்டு ஒன்றை அதே உலையில் வைத்துப் பூசி, வளைவை அளந்து, 1909இல் ஸ்டோனி தந்த சூத்திரத்தில் இடுங்கள். பூசுவதற்கு முன்னும் அந்தத் தட்டின் வளைவை அளக்க மறக்காதீர்கள். எந்தத் தட்டும் முழுத் தட்டையாகப் பிறப்பதில்லை.

ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான பூச்சுக்கு 200 மைக்ரோமீட்டர் முனை பொருத்தமே இல்லை. 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரை ஆரமுள்ள முனையும் சிறிய சுமையும் எடுங்கள். அந்த எண்களைப் பெரிய முனையின் எண்களோடு ஒரே அட்டவணையில் வைக்காதீர்கள். பெரிய முனைக்கும் ஒரு வரம்பு உண்டு: தடத்தின் அகலம் 200 மைக்ரோமீட்டரைத் தாண்டியதும் உருண்டைப் பகுதி முழுவதும் புதைந்து கூம்பு வேலைசெய்யத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் சுமை எண்களை முந்தையவற்றோடு ஒப்பிடுவது சரியல்ல.

அறிகுறி: ஒலி உமிழ்வு ஒரு சுமையைச் சொல்கிறது, நுண்ணோக்கி இன்னொன்றை

நுண்ணோக்கியை நம்புங்கள். விரிசல் விடும்போது எழும் ஒலியலையைப் பிடிக்கும் ஒலி உணரி எதன் விரிசலையும் கேட்கும். அதிவேக எஃகுக்குள் இருக்கும் கார்பைடுத் துகள் உடைந்தாலும், மாதிரியைப் பிடித்திருக்கும் திருகு நெகிழ்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். பூசாத அதே எஃகில் ஒரு கீறல் போட்டு, அப்போதும் ஒலி எழுகிறதா என்று கேளுங்கள். உராய்வு விசை வரைகோட்டில் திடீர்த் தாவல் இருந்தால் அது பெரும்பாலும் அடிப்பொருள் வெளிப்பட்ட இடம். ஒலியும் உராய்வும் நுண்ணோக்கியில் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் துணைகள், அவ்வளவுதான்.

அறிகுறி: மென்மையான அடிப்பொருளில் மிகக் குறைந்த சுமையிலேயே விரிசல்

துருப்பிடிக்காத எஃகு, அலுமினியக் கலவை, டைட்டானியக் கலவை இவற்றின் மேல் கடினப் பூச்சு போட்டவர்கள் ஒட்டு மோசம் என்று முறையிடுவார்கள். தடத்தைப் பாருங்கள்: நிறைய விரிசல் இருக்கும், ஆனால் துண்டுகள் அடிப்பொருளோடு இன்னும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். மெத்தைமேல் வைத்த கண்ணாடியை மிதித்த கதை. இதில் இடைமுகத்தைக் குறை சொல்லக் காரணமே இல்லை. பூசுவதற்கு முன் நைட்ரைடிங் செய்து, அதாவது நைட்ரஜனைப் புகுத்தி, அடிப்பொருளின் மேலடுக்கைக் கடினப்படுத்துவதே தீர்வு. இப்படிப்பட்ட மாதிரிகளுக்கு நீட்டிப்பு முறை நன்றாகப் பொருந்தும்: பட்டையை நுண்ணோக்கியின் கீழ் மெதுவாக இழுத்து, விரிசல்கள் எந்தத் திரிபில் தொடங்குகின்றன, எந்த இடைவெளியில் மேலும் பெருகாமல் நிற்கின்றன என்று எண்ணினால், பூச்சின் வலிமையும் இடைமுகம் கடத்தும் சறுக்குத் தகைவும் பிரித்தறியக் கிடைக்கும்.

அறிகுறி: ராக்வெல் குழியைச் சுற்றி என்ன பார்க்கிறோம் என்றே புரியவில்லை

150 கிலோ விசையில், அதாவது 1471 நியூட்டனில், வைரக் கூம்பை அழுத்தி, 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை தரம் பிரிக்கும் முறை விடிஐ 3198 என்ற ஜெர்மன் வழிகாட்டி வழியாகப் பரவியது. முதல் நான்கும் ஏற்கத்தக்கவை, கடைசி இரண்டும் தோல்வி. குழியிலிருந்து கதிர் போல நீளும் விரிசல்கள் பூச்சின் நொறுங்குதன்மையைக் காட்டுகின்றன. குழியைச் சுற்றி வளையமாகப் பெயர்வதுதான் ஒட்டின் குறை. இரண்டையும் ஒரே தரத்துக்குள் அடைக்காமல் தனித்தனியாக எழுதுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்திருந்தால் முதலில் மாதிரி சாய்ந்திருந்ததா, விளிம்புக்கு மிக அருகில் அழுத்தினீர்களா என்று பாருங்கள். அடிப்பொருள் 54 எச்ஆர்சிக்கு (ராக்வெல் சி அளவுக் கடினத்தன்மை) கீழே இருந்தால் இந்தச் சோதனையே பொருந்தாது. கார்பைடில் 60 கிலோ விசை கொண்ட ராக்வெல் ஏ அளவை எடுப்பது நல்லது. அழுத்திய உடனே ஒரு படம் எடுங்கள், மறுநாள் அதே இடத்தை மறுபடி எடுங்கள். அமுக்கத் தகைவு கூடிய பூச்சுகள் ஈரக்காற்றில் இரவெல்லாம் மெதுவாக உரிவதுண்டு. மாலையில் எச்எஃப்2 என்று கையெழுத்திட்டது காலையில் எச்எஃப்5 ஆகியிருக்கலாம்.

அறிகுறி: யாரும் தொடாமலேயே உரிகிறது, அல்லது விரிகிறது

பூச்சு புழு ஊர்ந்தது போல நெளிந்து மேலெழும்பியிருந்தால் அது அமுக்கத் தகைவால் நேர்ந்த புடைப்பு. பழைய தொலைபேசியின் சுருள் கம்பியைப் போல இருக்கும். இதைக் குப்பையில் போடாதீர்கள். இது இலவசமாகக் கிடைத்த சோதனை. புடைப்பின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தால் தகைவையும் இடைமுகத்தின் பிரிவாற்றலையும் கணிக்கலாம். முன் சொன்ன அதே எண்களை வைத்துப் பார்த்தால், 4 கிகாபாஸ்கல் தகைவுள்ள 2 மைக்ரோமீட்டர் பூச்சு புடைக்க, ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர் அகலத்தில் ஒட்டாத இடம் ஒன்று ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும். விரலில் பட்ட எண்ணெய்த் தடமோ தூசியோ போதும். ஆகவே புடைப்பு எங்கே தொடங்கியது என்று தேடுங்கள். அந்தத் தொடக்கப் புள்ளி உங்கள் சுத்தம்செய்யும் தொட்டியைப் பற்றிப் பேசும்.

மாறாக, வேதி ஆவி முறையில் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் கார்பைடின் மேல் பூசியவற்றில் வறண்ட ஏரி போல விரிசல் வலை தெரியும். குளிரும்போது பூச்சு கார்பைடைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் இழுவைத் தகைவு எழுகிறது; அது ஒட்டின் குறையல்ல. பூசி முடித்தபின் மணல்வீச்சு போன்ற முறையால் தகைவை மாற்றித் தணிப்பதுண்டு.

பசை போட்டு இழுக்கும் சோதனையில் எப்போதும் பசையே அறுகிறது என்றால் சுருக்கமாகச் சொல்கிறேன்: எப்பாக்சியின் வலிமை பெரும்பாலும் 70, 80 மெகாபாஸ்கலோடு நின்றுவிடும், நல்ல நைட்ரைடுப் பூச்சு அதைவிடப் பிடிப்பாக ஒட்டியிருக்கும். பசை அறுந்த எண்ணைப் பூச்சின் ஒட்டு வலிமை என்று எழுதாதீர்கள். வேறு சோதனைக்குப் போங்கள்.

அறிகுறி: விரிசல் தாங்குதிறன் நம்ப முடியாத எண்ணாக வருகிறது

கூரிய முனையை அழுத்திக் குழி உண்டாக்கும் முறையில், குழியின் மூலைகளிலிருந்து நீளும் விரிசலின் நீளத்தை வைத்துத் தாங்குதிறனைக் கணிக்கிறோம்: யங் குணகத்தைக் கடினத்தன்மையால் வகுத்த ஈவின் வர்க்கமூலத்தைச் சுமையாலும் ஒரு மாறிலியாலும் பெருக்கி, விரிசல் நீளத்தின் ஒன்றரை அடுக்கால் வகுக்க வேண்டும். தடித்த பீங்கானுக்காகப் பிறந்த சூத்திரம் இது. 3 மைக்ரோமீட்டர் பூச்சில், 25 கிகாபாஸ்கல் கடினத்தன்மையில், விக்கர்ஸ் முனையால் (நாற்பக்க வைரப் பிரமிடு) ஒரு நியூட்டன் அழுத்தினால் குழியின் மூலைவிட்டம் 8.6 மைக்ரோமீட்டர், ஆழம் 1.2 மைக்ரோமீட்டர். பூச்சுத் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 60 மில்லிநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சுமையில் விக்கர்ஸ் பெரும்பாலும் விரிசலே விடாது. கனசதுர மூலை முனை அதைவிடக் குறைந்த சுமையில் விரிசலைத் தொடங்கும். ஆனால் மாறிலி மாறும்: விக்கர்ஸுக்கு 0.016, கனசதுர மூலைக்கு 0.03 முதல் 0.04 வரை. முனையை மாற்றிவிட்டு மாறிலியை மாற்ற மறந்தால் விடை பாதியாகிவிடும்.

சோதிக்க ஒரு வழி: ஐந்து வெவ்வேறு சுமைகளில் அழுத்தி, விரிசல் நீளத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிராகச் சுமையை வரையுங்கள். நேர்கோடு வந்து மூலப்புள்ளி வழியே சென்றால் சூத்திரம் ஓரளவு பொருந்துகிறது. கோடு வளைந்தால் விரிசல் இடைமுகத்தையோ அடிப்பொருளையோ தொட்டுவிட்டது. பூச்சிலுள்ள அமுக்கத் தகைவு விரிசலை மூடிப்பிடித்து எண்ணை வீங்கச் செய்யும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

தகைவின் தலையீட்டை நீக்க வேண்டுமென்றால், அயனிக் கற்றையால் பூச்சில் சிறு தூண் செதுக்கி அதன் நடுவில் பெர்கோவிச் முனையால் (முப்பக்க வைரப் பிரமிடு) அழுத்தி இரண்டாகப் பிளக்கும் முறை இருக்கிறது. தூணின் உயரம் விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் தகைவு தளர்ந்துவிடும். விரிசல் நீளத்தை அளக்கவும் தேவையில்லை, பிளக்கும் சுமை போதும். தூண் பிளக்காமல் நசுங்கினால் சுமை நடுவில் விழவில்லை, அல்லது பூச்சு அந்த முறைக்குக் கொஞ்சம் மென்மை. கற்றையிலுள்ள காலியம் அயனிகள் மேற்பரப்பில் புகுந்து அதை மாற்றுவதால் கடைசிச் செதுக்கலைக் குறைந்த மின்னோட்டத்தில் செய்யுங்கள்.

நானோ அழுத்தச் சோதனையின் சுமை–இடப்பெயர்ச்சிக் கோட்டில் திடீர்த் தாவல் வந்தால் அதை உடனே பூச்சின் முறிவு என்று எழுத வேண்டாம். முதலில் உருகு சிலிக்காவில் அழுத்தி யங் குணகம் 72 கிகாபாஸ்கலாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கருவியைச் சரிசெய்யுங்கள். வெப்ப நகர்வு நொடிக்கு 0.1 நானோமீட்டர் இருந்தாலே ஒரு நிமிடத்தில் 6 நானோமீட்டர் பிழை. பிறகு தாவல் நிகழ்ந்த சுமைக்குச் சற்று கீழே ஒரு குழியும் சற்று மேலே ஒரு குழியும் போட்டு, இரண்டையும் மின்னணு நுண்ணோக்கியில் அருகருகே வையுங்கள். மேற்குழியில் மட்டும் வளைய விரிசல் தெரிந்தால் தாவல் பூச்சினுடையது. இரண்டிலும் எதுவும் தெரியாவிட்டால் அடியிலுள்ள உலோகம் திடீரென்று நழுவியிருக்கலாம்; அயனிக் கற்றையால் குறுக்காக வெட்டிப் பார்த்த பிறகுதான் எழுதுங்கள்.